முகத்தைத் தண்டிக்கும் கதைகள்

(சற்றே நீண்ட பதிவு. சில படங்களின், ஒரு நாவலின் கதைப்போக்கும் முடிவும் இதில் பேசப்படுகின்றன.)

அன்றாடப் பேச்சில் நாம் இன்ஃப்ளூயன்சர் என்று அழைக்கும் சமூக ஊடகப் பிரபலங்களை மையமாகக் கொண்ட படங்களும் இணையத் தொடர்களும் நாவல்களும் கடந்த பத்தாண்டுகளில் ஒரு தனி வகைமையாகவே வளர்ந்துவிட்டன. அந்த உலகின் இருண்ட பக்கத்தைக் காட்டுவதாகவே அவற்றில் பெரும்பாலானவை தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. அந்த இருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவை தரும் விடையைப் பற்றியது இந்தப் பதிவு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்புனைவுகளுள் பல, கேமராவின் முன் நிற்கும் முகத்தையே குற்றவாளியாக்குகின்றன. அந்த முகத்தைக் கொண்டு பொருளீட்டும் நிறுவனமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் எளிதில் விடுதலையாகிவிடுகிறோம்.

வழக்கமான கதையின் எலும்புக்கூடு எல்லோருக்கும் தெரிந்ததே. சிற்றூர்ப் பெண் ஒருத்தி, கையில் ஒரு கைபேசி, முதல் காணொளிக்குக் கிடைக்கும் எதிர்பாராத வரவேற்பு, விளம்பர ஒப்பந்தம், உறவுகளிடமிருந்து விலகல், பொய்யான வாழ்க்கை, அம்பலம், வீழ்ச்சி. இறுதிக் காட்சியில் அவள் கைபேசியைத் தூர வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பாள், அல்லது இறந்துபோவாள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: தன்னைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள், அதற்குரிய விலையைக் கொடுத்தாள்.

இந்தக் கதை புதியதன்று. நாடகக் கொட்டகைக்குப் போன பெண்ணைப் பற்றியும், பின்னர் சினிமாவுக்குப் போன பெண்ணைப் பற்றியும் நம் மொழிகள் அனைத்திலும் சொல்லப்பட்டு வந்த கதைதான் இப்போது செங்குத்துத் திரைக்கு மாறியிருக்கிறது. அன்று அரிதாரம்; இன்று ஃபில்டர். ஊர் சொல்லும் தீர்ப்பு மட்டும் மாறவில்லை. ஒரு புதிய தொழில் தோன்றும்போது அதில் யார் உழைக்கிறார்கள், யார் ஊதியம் தருகிறார்கள், யார் ஈட்டுகிறார்கள் என்று கேட்பது கடினம். அதில் இறங்கிய பெண்ணின் ஒழுக்கத்தைக் கேட்பது எளிது. புனைவும் பல வேளைகளில் எளிய வழியையே தேர்ந்துகொள்கிறது.

அண்மைக்கால இந்தியப் படங்களுள் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மும்பைத் திரையுலகிலிருந்து வந்தவை. மூன்றும் மேற்சொன்ன வார்ப்பிலிருந்து ஏதோ ஒரு வகையில் விலக முயன்றவை.

முதலாவது, 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'கோ கயே ஹம் கஹான்'. அர்ஜுன் வரைன் சிங் இயக்கியது. மூன்று நண்பர்களின் கதை. அவர்களுள் ஒருவனான நீல் உடற்பயிற்சிப் பயிற்றுநர்; நடுத்தரக் குடும்பத்தவன். அவனிடம் பயிற்சி பெறும் லாலா பெரும் எண்ணிக்கையில் பின்தொடர்வோரைக் கொண்டவள். இருவருக்குமிடையே நெருக்கம் உண்டு; ஆனால் அவளுடைய பக்கத்தில் அவனுக்கு இடமில்லை. படத்தின் மிகக் கூர்மையான அவதானம் இதுதான். காதலை மறைப்பது என்பது இங்கே வெறும் மனச்சஞ்சலமன்று, சந்தைக் கணக்கு. எந்தப் படத்தைப் பதிவிடலாம், எதைப் பதிவிடக்கூடாது என்பதை வர்க்கம் தீர்மானிக்கிறது. காயப்பட்ட நீல் போலிக் கணக்கொன்றைத் தொடங்கி வசைமொழி எழுதுகிறான். நமக்குப் பிடித்தமான, நல்லவனான ஒரு பாத்திரமே பெயரற்ற வசையாளனாக மாறும் அந்த இடத்தில் படம் நம்மை நோக்கித் திரும்புகிறது. ஆனால் அங்கே நிற்காமல், நட்பு அனைத்தையும் ஆற்றும் என்ற ஆறுதலுக்குள் விரைந்து புகுந்துவிடுகிறது.

இரண்டாவது, விக்ரமாதித்ய மோட்வானேயின் 'கன்ட்ரோல்', 2024 அக்டோபரில் வந்தது. நெல்லாவும் ஜோவும் காதலர்கள். இணைந்து ஒரு சேனல் நடத்துபவர்கள். நேரலையில் அவனை வியப்பில் ஆழ்த்தச் செல்லும் அவள், அவன் வேறொருத்தியோடு இருப்பதைக் காண்கிறாள்; உலகமும் கூடவே காண்கிறது. தன் வாழ்விலிருந்து அவனைத் துடைத்தழிக்க ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியை நாடுகிறாள். பழைய படங்களிலும் காணொளிகளிலுமிருந்து அவன் உருவம் ஒவ்வொன்றாக அழிக்கப்படுகிறது. பின்னர் அவன் உண்மையிலேயே காணாமற்போகிறான். செயலிக்குப் பின்னால் உள்ள நிறுவனத்தின் முகம் மெல்லத் தெரியவருகிறது.

இப்படத்தில் எனக்கு முதன்மையாகப் படுவது துரோகமுமன்று, மர்மமுமன்று. அந்த அழிப்பு வேலைதான். ஒரு காதல் முறியும்போது கடிதங்களை எரிப்பது பழைய வழக்கம். இங்கே எரிக்க வேண்டியது ஒரு தொழிலின் முதலீடு. இருவரும் சேர்ந்து நடித்த, சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளே அவர்களுடைய கையிருப்பு. உறவு முறிந்தது என்பதோடு ஒரு கூட்டுத் தொழிலும் கலைந்தது. அந்தக் காணொளிகள் யாருக்குச் சொந்தம்? அவற்றிலிருந்து இனி வரும் வருவாய் யாருக்கு? அவள் உழைப்பில் அவன் பங்கு எவ்வளவு? இக்கேள்விகளின் வாசலில் நின்ற படம், நிறுவனச் சதி என்ற பெரிய கதவைத் திறந்துகொண்டு வேறுபக்கம் போய்விட்டது. ஆயினும் அதன் முடிவில் ஒரு நேர்மை இருக்கிறது. நிறுவனம் எந்தத் தண்டனையும் பெறவில்லை. எல்லாவற்றையும் இழந்த நெல்லா தனிமை தாளாமல் அதே திரையிடம் திரும்பிச் செல்கிறாள், ஜோவின் சாயலைத் தேடி. அவள் திருந்தவில்லை. திருந்துவதற்கு அவள் செய்த குற்றமென்ன என்று படம் நம்மைக் கேட்கிறது.

மூன்றாவது, திபாகர் பானர்ஜியின் 'லவ் செக்ஸ் அவுர் தோக்கா 2'. 2024 ஏப்ரலில் திரையரங்குகளுக்கு வந்தது. இதை 2010-இல் வந்த முதல் பாகத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் பாகத்தில் மூன்று வகைக் கேமராக்கள்: திரைப்படக் கல்லூரி மாணவனின் கைக் கேமரா, கடையொன்றின் கண்காணிப்புக் கேமரா, பத்திரிகையாளனின் மறைகேமரா. பெரும்பாலும் வேறொருவர் கையில் இருந்த அந்தக் கண், 14 ஆண்டுகளுக்குப் பின் வந்த இரண்டாம் பாகத்தில் பார்க்கப்படுபவரின் கைக்கே வந்துவிடுகிறது. கையில் இருப்பதால் அது அவருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதே படத்தின் கேள்வி.

அதில் நூர் என்ற திருநங்கை ஒரு போட்டி நிகழ்ச்சியில் பங்கேற்கிறாள். அவளுக்கும் அவளை ஏற்க மறுத்த தாய்க்கும் இடையிலுள்ள புண், மேடையில் வாக்குகளாக மாற்றப்படுகிறது. மெய்யான திரையுலகப் பிரபலங்களே நடுவர்களாக அமர்ந்திருப்பது கதைக்கும் நிகழ்ச்சிக்கும் இடையிலான கோட்டை அழித்துவிடுகிறது. குல்லு என்ற மற்றொரு திருநங்கை மெட்ரோ நிலையமொன்றில் துப்புரவுப் பணியாளர். அவள் தாக்கப்படும்போது, அவளை வேலைக்கு வைத்ததால் கிடைத்த நற்பெயரைக் காப்பதே நிறுவனத்தின் கவலையாகிறது. கேம் பாபி என்ற 18 வயது விளையாட்டுக் காணொளியாளனை நேற்றுவரை கொண்டாடிய கூட்டம், பாலியல் அவதூறு ஒன்று பரவியதும் வேட்டையாடத் தொடங்குகிறது. மூன்று கதைகளிலும் தீமை ஒரு தனிமனிதரின் குணமாக வரவில்லை. அது வாக்குப் பொத்தானாக, நிறுவனக் கொள்கையாக, ஓடிக்கொண்டே இருக்கும் கருத்துப் பட்டையாக வருகிறது. படம் சிதறலானது, இரைச்சல் மிகுந்தது, நானும் மறுக்கவில்லை. ஆனால் இருளைச் சரியான இடத்தில் தேடிய படம் அது.

இனி, இப்புனைவுகளில் ஏறக்குறைய முற்றிலும் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றி. அது உழைப்பு.

யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற, 2018 முதல் ஒரு சேனலுக்குப் பொதுவாக 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்கு உண்டு.) 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். பத்து நிமிடக் காணொளியை ஒருவர் முழுமையாகப் பார்த்தால் பத்து நிமிடம் கணக்கில் சேரும். அப்படி 24,000 முறை பார்க்கப்பட வேண்டும். அதுவரை அந்தச் சேனலை நடத்துபவர் நிறுவனத்திற்காக ஊதியமின்றி உழைக்கிறார். எல்லையைத் தாண்டிய பிறகு கிடைப்பதும் ஊதியமன்று. நிறுவனம் விதிக்கும் பங்கு. எழுதுவது, ஒளியமைப்பது, படம்பிடிப்பது, தொகுப்பது, தலைப்பிடுவது, வசைகளை நீக்குவது என அத்தனையும் அவர் கையால்தான். இருந்தும் நம் படங்களில் இன்ஃப்ளூயன்சர் எப்போதும் சிரித்தபடி கைபேசியை உயர்த்திப் பிடிப்பவராகவே வருகிறார். நள்ளிரவில் தொகுப்பு மென்பொருளின் முன் கண்ணெரிய உட்கார்ந்திருப்பவராக அவரை நாம் காண்பதேயில்லை.

ஊதியத்திற்குப் பதில் பொருளைக் கொடுக்கும் வழக்கம் இத்தொழிலில் பரவலானது. அதிலும் ஒரு கதை இருக்கிறது. தொழில்முறையில் இவ்வாறு பெறும் பொருளின் ஆண்டு மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை முதல் அதற்கு 10 விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு. பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் இல்லை. கைபேசி ஒன்றைப் பற்றிப் பேசியதற்காக 40,000 ரூபாய் மதிப்புள்ள அதே கைபேசியைக் கூலியாகப் பெறும் ஓர் இளம்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் காசாக ஒன்றும் வரவில்லை; 4,000 ரூபாய் வரிக்கு வழி காண வேண்டும். வாடகைக்குக் கைபேசியை உடைத்துக் கொடுக்க முடியாது. அவள் அப்பொருளை வைத்துக்கொள்வாளா, திருப்பித் தருவாளா, விற்றுவிடுவாளா? ஆடம்பரத்தின் நடுவே நிற்கும் இத்தகைய வறுமையை எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

இன்னொரு நாள் இருக்கிறது: 2020 ஜூன் 29. அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் டிக்டாக்கும் ஒன்று. அதற்கு இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பயனர்கள் இருந்தனர். தடைக்கான எல்லைப் பதற்றத்தையும் பாதுகாப்புக் காரணங்களையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அன்று பலருக்கு அறுந்துபோன பிழைப்பைப் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டது. வயலிலும் கட்டுமான இடத்திலும் ஒற்றை அறை வீட்டிலும் நின்று ஆடியவர்கள், நடித்தவர்கள், பாடியவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், நகரத்து மேல்தட்டு 'கிரிஞ்ச்' என்று ஒற்றைச் சொல்லால் ஒதுக்கியவர்கள். தடைக்கு முந்தைய மாதம்தான் யூடியூபர்களுக்கும் டிக்டாக்கர்களுக்கும் இடையே ஒரு பெரும் சச்சரவு மூண்டது; அந்த நகைச்சுவையின் அடியில் வர்க்க ஏளனம் மறையாமல் தெரிந்தது. பின்னர் ஒரே ஓர் ஆணையில் அவர்களுடைய மேடையே இல்லாமற்போயிற்று. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. மேடை மாறியபோது எல்லோராலும் ஏறிக்கொள்ள முடியவில்லை. ஓர் ஆலை மூடப்பட்டால் அதைப் பற்றி நாவல் எழுதும் மரபு நமக்கு உண்டு. இந்த மூடலும் தனக்கான நாவலைக் கேட்டு நிற்கிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. பிரெஞ்சு எழுத்தாளர் டெல்ஃபின் த விகான் 2021-இல் வெளியிட்ட நாவலொன்று, தன் இரு பிள்ளைகளையும் வைத்துக் குடும்பச் சேனல் நடத்தும் ஒரு தாயைப் பற்றியது. பிள்ளைகளில் இளையவளான சிறுமி ஒருநாள் கண்ணாமூச்சி விளையாட்டின் நடுவே காணாமற்போகிறாள். துப்பறியும் கதையின் வடிவம்; ஆனால் தேடப்படுவது கடத்தியவர் மட்டுமல்லர். அந்தச் சிறுமி அதற்கு முன்பே எத்தனை பேரால், எத்தனை முறை எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறாள் என்பதே தேடல். தாயை அந்நாவல் அரக்கியாக்கவில்லை. சிறுவயதில் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து, பார்க்கப்படுபவர்களே நேசிக்கப்படுகிறார்கள் என்று கற்றுக்கொண்ட ஒருத்தியாக அவளைக் காட்டுகிறது. அதனால்தான் அது அதிகமாக அச்சுறுத்துகிறது.

நாவல் வருவதற்கு முந்தைய ஆண்டே பிரான்ஸ் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. 16 வயதுக்குட்பட்டோரின் காணொளி வருவாயைப் பாதுகாக்கவும், தம் காணொளிகளை நீக்கும்படி அவர்களே கோரவும் அது வழிசெய்தது. நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள், திரைப்படம், தொலைக்காட்சி முதலியவற்றில் நடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது என்கின்றன. வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்பாக இட வேண்டும் என்கின்றன. அதே சட்டம், பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவும் குழந்தைக்கு விலக்கும் அளிக்கிறது. தயாரிப்பாளர் தாயாகவும், படப்பிடிப்புத் தளம் படுக்கையறையாகவும் இருக்கும் வீட்டில் ஐந்து மணி நேரத்தை யார் எண்ணுவார்? பிறந்தநாள் கேக் வெட்டுவது வேலையா, விழாவா? மறுபடியும் ஒருமுறை வெட்டச் சொன்னால்? சட்டம் தடுமாறும் இந்த இடத்தில்தான் புனைவுக்கு வேலை இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்மாதிரி எங்கே என்று கேட்பவர்களுக்கு, நம் மொழியிலேயே ஒன்று உண்டு. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் எழுதிய, சினிமாத் தொழிலைப் பற்றிய நாவல் அது. அதில் நட்சத்திரங்களின் ஒளி ஓரத்திலேயே நிற்கிறது. விடியலுக்கு முன் ஆட்களைத் திரட்டி, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் வழிசெய்து, யாரோ செய்த தவறுக்கு ஏச்சு வாங்கும் தயாரிப்பு நிர்வாகியும் உதவியாளர்களுமே நடுவில் நிற்கிறார்கள். ஒரு படம் நின்றுபோனால் எத்தனை வீடுகளில் அடுப்பு அணையும் என்பதை அது சொல்கிறது. சினிமா தீயது என்று ஒரு வரிகூட உபதேசிக்காமல், அத்தொழில் மனிதர்களை எப்படிக் கரைக்கிறது என்று காட்டிவிடுகிறது. சமூக ஊடகத் தொழிலுக்கும் இத்தகைய ஒரு பார்வை வாய்க்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'இன்ஃப்ளூயன்சர்கள் எல்லோரும் பாவம்தானா? பொய் மருந்தையும் சூதாட்டச் செயலியையும் தவறான பங்குச்சந்தை ஆலோசனையையும் விற்றவர்கள் இல்லையா?' உண்டு, நிறையவே. பணம் பெற்றுப் பேசுவதை மறைப்பவர்களைக் கட்டுப்படுத்த 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்திற்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் குற்றங்களைப் புனைவு தாராளமாகப் பேசட்டும். ஆனால் அப்போது கதையின் மையத்தில் ஏமாந்தவர் இருக்க வேண்டும்; சேமிப்பை இழந்தவரின் வீடு இருக்க வேண்டும்; அந்த விளம்பரத்திற்குப் பணம் கொடுத்தவரின் அலுவலகம் இருக்க வேண்டும். நம் கதைகள் பெரும்பாலும் தண்டிப்பது இந்த மோசடியையன்று. அவை தண்டிப்பது ஒரு பெண் தன் முகத்தைத் தானே காட்டத் துணிந்ததை.

இது ஏன் வெறும் இலக்கியப் பிரச்சினையன்று என்பதற்கு ஒரு பெயர் போதும்: கந்தீல் பலூச். பாகிஸ்தானின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, தன் காணொளிகளால் நாடறிந்தவர். 2016 ஜூலையில் முல்தானில் சொந்தச் சகோதரனால் கொல்லப்பட்டார். குடும்ப மானம் என்பது அவன் சொன்ன காரணம். அவர் வாழ்வைத் தழுவி 2017-இல் 'பாகி' என்ற உருதுத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. கைபேசிக்கு முந்தைய அவர் வாழ்வை, கிராமத்தை, வன்முறை நிறைந்த மணவாழ்வை அத்தொடர் விரிவாகச் சொன்னது. முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்ததால், பார்ப்பவரின் கேள்வி தானாகவே இடம் மாறியது. அவள் ஏன் காட்டினாள் என்பது பின்னுக்குப் போய், அதை யாரால் பொறுக்க முடியவில்லை என்பது முன்னுக்கு வந்தது.

எல்லைக்கு இப்பாலும் இது நடக்கிறது. காணொளிகளுக்காகப் பெண்கள் கொல்லப்படும் செய்தி ஒவ்வொரு முறை வரும்போதும், அதனடியில் 'இப்படித்தான் முடியும்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வாக்கியத்தை எங்கிருந்து கற்றார்கள்? வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் கற்றார்கள்; நம் கதைகளிலிருந்தும் கற்றார்கள். ஆசைப்பட்டவள் அழிவாள் என்று நூறு கதைகள் சொல்லியிருக்கும்போது, நூற்றோராவது முறை ஒருவன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தால், கதை முடிய வேண்டிய விதத்திலேயே முடிந்ததாகப் பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. கொலையாளியின் சொற்களைப் புனைவு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது என்றால், அந்தப் பொறுப்பை எழுதுபவர் ஏற்கத்தான் வேண்டும்.

ஆகவே, இத்தொழிலைப் பற்றிய அடுத்த படத்தையோ நாவலையோ கையிலெடுக்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று காட்டப்படுகிறதா? பார்ப்பவர் ஒரு பாத்திரமாக, ஒரு செயலைச் செய்பவராக வருகிறாரா, அல்லது எண்ணிக்கையாக மட்டும் வருகிறாரா? முடிவில் தண்டனை பெறுபவர் யார், அவர் செய்த குற்றம் என்ன? மூன்றாவது கேள்விக்கு 'தன்னைக் காட்டிக்கொண்டாள்' என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லையெனில், நாம் பார்த்தது இருண்ட பக்கத்தைப் பற்றிய கதையன்று. அந்த இருளின் ஒரு பகுதியே.